ஜெக்கிலும் ஹைடும்: இந்த உத்திகளை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும்?

கேள்வி – தொலைநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கிய முதுகலைப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் படித்து வருகிறேன். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி, 1886 ஜனவரியில் லண்டனில் வெளியான ஜெக்கில்–ஹைட் குறுநாவலின் இலக்கிய உத்திகளைப் பற்றி ஓர் ஒப்படைப்பு எழுத வேண்டியிருந்தது. மூடுபனி தீமைக்குக் குறியீடு, கதவு இரகசியத்துக்குக் குறியீடு, நிலைக்கண்ணாடி பிளவுபட்ட மனத்துக்குக் குறியீடு என்று கையேடுகளில் உள்ளபடியே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோளும் கொடுத்திருந்தேன். மதிப்பெண் குறையவில்லை. ஆனால் திருத்திய பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: “இவற்றை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும்?” ஒரு வாரமாக அந்த வரி என்னை விடவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. ஜெக்கிலும் ஹைடும் ஒரே ஆள், மருத்துவர் ஜெக்கில்தான் ஒரு மருந்தைக் குடித்துக் கொடியவனான ஹைடாக மாறுகிறார் என்பது நூலைத் திறக்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. பத்து அத்தியாயங்களில் முதல் எட்டு அத்தியாயங்கள் அந்த ஒரு செய்தியை மறைப்பதற்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன. மறைக்கப்பட்டது என்னவென்று தெரிந்தபின் அந்த எட்டு அத்தியாயங்களுக்கும் இன்று என்ன வேலை? நூலை நெருங்கிப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1 – பின்கட்டு

தங்கள் பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. கதவை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல முயல்கிறேன்.

முதல் அத்தியாயத்தின் பெயரே அந்தக் கதவைப் பற்றியது. வழக்கறிஞர் அட்டர்சனும் அவருடைய உறவினர் என்ஃபீல்டும் ஞாயிற்றுக்கிழமை உலாவில் ஒரு கடைத்தெருவைக் கடக்கிறார்கள். கடைகள் எல்லாம் சிரித்த முகத்துடன் நிற்கும் விற்பனைப் பெண்களைப் போல வரிசையாக இருக்க, நடுவில் சன்னலே இல்லாத ஓர் இரண்டடுக்குக் கட்டடம் தெருவுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கதவில் அழைப்பு மணியும் இல்லை, தட்டுவதற்கு வளையமும் இல்லை; வண்ணம் கொப்புளித்துக் கறை படிந்து கிடக்கிறது. வருபவர் எவரையும் எதிர்பாராத கதவு என்பதை ஸ்டீவன்சன் விளக்கிச் சொல்லாமல், மணி இல்லை என்ற ஒரே விவரத்தால் உணர்த்திவிடுகிறார்.

இனி கவனியுங்கள். அது ஜெக்கிலின் வீட்டுப் பின்வாசல் என்பது, ஒரு சிறுமியை மிதித்துவிட்டுப் போன ஹைட் அந்தக் கதவுக்குள் நுழைந்த சம்பவத்தை அட்டர்சனுக்குச் சொல்லும் என்ஃபீல்டுக்கு அப்போது தெரியாது. முன்வாசல் வேறொரு சதுக்கத்தில், செல்வமும் வசதியும் தோன்ற நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த முற்றம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்போமே, அந்த அமைப்பை மனத்தில் கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். முன்கட்டில் விருந்தும் நண்பர்களும். பின்கட்டில் முன்பு ஓர் அறுவை மருத்துவர் மாணவர்களுக்குப் பிணம் அறுத்துக் காட்டிய கூடம், அதைத் தாண்டி மாடிப்படி, சிவப்புக் கம்பளித் துணி போர்த்திய கதவு, அதற்கு அப்பால் ஜெக்கிலின் தனியறை. இந்த வரைபடம் இல்லாவிட்டால் கதை ஓர் அடிகூட நகராது. ஹைட் பின்கதவு வழியாக உள்ளே போய், ஜெக்கிலின் கையொப்பமிட்ட காசோலையோடு வெளியே வருகிறான் என்பதுதான் முதல் முடிச்சு. கையொப்பம் யாருடையது என்று என்ஃபீல்ட் சொல்ல மறுக்கிறார். கதவை அடையாளம் கண்டுகொண்ட அட்டர்சன், பெயர் தமக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறார். பெயரைச் சொல்லாமலே இருவரும் அதைப் பேசி முடித்துவிடுகிறார்கள்.

கையேடுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒன்றையும் சொல்கிறேன். ஜெக்கில் வாழும் சதுக்கத்தின் பழைய மாளிகைகள் நிலை தாழ்ந்து, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, வரைபடம் செதுக்குவோர், கட்டடக் கலைஞர், நம்பத்தகாத வழக்கறிஞர்கள் ஆகியோருக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. பிரிக்கப்படாமல் ஒரே குடும்பத்தின் முழு வீடாக நிற்பது ஒன்றே ஒன்று. அது ஜெக்கிலின் வீடு. தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்ட மனிதரின் வீடுதான் அந்தச் சதுக்கத்தில் பிளவுபடாமல் நிற்கிறது. இவ்வளவு அமைதியாக வைக்கப்பட்ட முரணை நான் அதிகம் கண்டதில்லை.

மறுமொழி 2 – குமாஸ்தா

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நூலை என் மகளின் பாடப்புத்தகங்களுக்கு நடுவில் கண்டு படித்தேன். ஒரு வக்கீல் அலுவலகத்தின் கதையாகத்தான் எனக்கு அது பட்டது, அதனால் அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

கதையின் முக்கியமான பொருள்கள் எல்லாம் காகிதங்கள். முதலில் ஓர் உயில். ஜெக்கில் தம் கைப்பட எழுதியது. அதைத் தயாரிக்க உதவ மறுத்த அட்டர்சன், எழுதி முடித்தபின் பாதுகாப்பில் வைத்துக்கொள்ள மட்டும் சம்மதித்தார். ஜெக்கில் இறந்தால் சொத்து ஹைடுக்கு என்பதோடு நில்லாமல், அவர் மூன்று மாதங்களுக்கு மேல் காணாமற்போனாலும் ஹைடுக்கே என்று அதில் ஒரு வாசகம் இருக்கிறது. உயிலில் இப்படி ஒரு வாசகத்தைக் கண்டால் எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் தூக்கம் வராது. அடுத்தது, மிதிபட்ட சிறுமியின் குடும்பத்துக்கு ஈடாகக் கொடுத்த நூறு பவுண்டு: பத்துப் பவுண்டு தங்கமாக, மீதி காசோலையாக. பிறகு, சர் டேன்வர்ஸ் கேரு என்ற முதியவரைக் கொன்றபின் ஹைட் எழுதியதாக வரும் கடிதம். அதன்பின் ஜெக்கிலின் பழைய நண்பர் டாக்டர் லான்யன் விட்டுச்சென்ற முத்திரையிட்ட உறை. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு முத்திரையிட்ட உறை, ஜெக்கில் இறக்கும்வரை அல்லது மறையும்வரை திறக்கக் கூடாது என்ற குறிப்புடன். அட்டர்சன் அதைத் திறக்காமல் பெட்டகத்தின் மூலையில் வைத்துப் பூட்டுகிறார். உறைக்குள் உறை என்பதுதான் இந்த நூலின் கட்டமைப்பே. கடைசி இரண்டு அத்தியாயங்கள் இப்படி முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தவை தவிர வேறில்லை.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இங்கேதான் இருக்கிறது. முடிவு தெரிந்து படிப்பவருக்கு ஒன்று பளிச்செனத் தெரியும்: காகிதங்களைப் பார்த்தவர்கள் தங்கள் கண்ணில் பட்ட உண்மையையே தவறாகப் படித்துக்கொள்கிறார்கள். காசோலை போலி என்று எல்லாரும் நினைக்கிறார்கள்; வங்கியில் கொடுத்துப் பார்த்தால் அது உண்மையானது. ஹைடின் கடிதத்தையும் ஜெக்கிலின் அழைப்புச் சீட்டையும் அட்டர்சனின் தலைமைக் குமாஸ்தா கெஸ்ட் (என் இனத்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப் பிரியம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் பல இடங்களில் ஒரே கையெழுத்து, சாய்வு மட்டுமே வேறு என்கிறார். அட்டர்சனின் இரத்தம் உறைகிறது. ஒரு கொலைகாரனுக்காக ஜெக்கில் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று பதறுகிறார். கெஸ்ட் கண்டது முழு விடை. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டே அட்டர்சன் தவறான தீர்ப்பு எழுதுகிறார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. மதிப்புள்ள ஒரு மனிதரின் பணம் ஒரு கீழ்த்தர ஆளிடம் போய்க்கொண்டிருந்தால் 1886ஆம் ஆண்டின் லண்டன்வாசிக்கு முதலில் தோன்றுவது மிரட்டிப் பணம் பறித்தல்தான். அந்தக் கதவுள்ள கட்டடத்துக்கு என்ஃபீல்ட் வைத்த பட்டப்பெயரும் அதுவே. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டனைக்குரியதாக்கிய சட்டப்பிரிவு 1885இல்தான் நிறைவேறியிருந்தது. அதை மிரட்டுவோருக்குக் கொடுத்த உரிமச்சீட்டு என்று அப்போதே ஏளனம் செய்தார்கள். ஆகவே வாசகர்களைத் திசை திருப்ப ஸ்டீவன்சன் பெரிதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த சந்தேகத்தையே கடன் வாங்கிக்கொண்டார்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். தமிழில் இதை ‘விசித்திர வழக்கு’ என்று எழுதினால் பாதி போய்விடுகிறது. நாம் அன்றாடம் ‘கேஸ்’ என்கிறோமே, நீதிமன்றத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். மூலத்திலும் அந்தச் சொல் வக்கீலையும் மருத்துவரையும் ஒருசேரத் தொடுகிறது. கதையைத் துப்பறிபவர் வக்கீல், விடையை எழுதிவைப்பவர்கள் இரண்டு மருத்துவர்கள்.

மறுமொழி 3 – தொலைநிலை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. உறைக்குள் உறை என்பதை ஐயா சொன்னபிறகுதான் அந்த எட்டு அத்தியாயங்கள் வீண் அல்ல என்று விளங்குகிறது. “நான் நினைக்கும் கணத்தில் ஹைடைத் தொலைத்துவிட முடியும்” என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஜெக்கில் கொடுக்கும் வாக்குறுதியை நேற்று மீண்டும் படித்தேன். முடிவு தெரியாதவருக்கு அது ஆறுதல். தெரிந்தவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் மூடுபனி? அதை எடுத்துவிட்டால் கதை நிற்கத்தானே செய்யும்? அது வெறும் காத்திக் (இருளும் அச்சமும் நிறைந்த கதைமரபு) அலங்காரம் என்று ஒப்புக்கொண்டுவிடலாமா?

மறுமொழி 4 – பின்கட்டு

ஒப்புக்கொள்ள வேண்டாம், ஆனால் தீமைக்குக் குறியீடு என்ற வரியையும் அடித்துவிடுங்கள். நூலைத் திறந்து, எங்கெங்கே பனி இல்லை என்று பாருங்கள். சர் டேன்வர்ஸ் கேருவை ஹைட் அடித்துக் கொல்லும் அக்டோபர் இரவில் வானம் தெளிவாக இருக்கிறது. முழுநிலவு. சன்னலோரத்தில் அமர்ந்து கனவில் ஆழ்ந்திருந்த வேலைக்காரப் பெண்ணுக்குச் சந்து முழுவதும் பட்டப்பகல்போல் தெரிகிறது. பனி இறங்குவது பின்னிரவில்தான். அதே போல, மருந்து குடிக்காமலே ஜெக்கில் ஹைடாக மாறிவிடும் அந்தப் பயங்கரமான நிமிடம் ரீஜன்ட்ஸ் பூங்காவின் இருக்கையில், சனவரி மாதத்துத் தெளிந்த வெயிலில் நிகழ்கிறது. மிகக் கொடிய இரண்டு காரியங்களுக்கும் ஸ்டீவன்சன் வெளிச்சத்தைத்தான் கொடுத்திருக்கிறார்.

பனி எப்போது வருகிறது? கொலைக்கு மறுநாள் காலை, காவல் ஆய்வாளரை அழைத்துக்கொண்டு அட்டர்சன் லண்டனின் சோஹோ பகுதியில் உள்ள ஹைடின் இருப்பிடத்துக்கு வண்டியில் போகும்போது. சாக்லேட் நிறத்தில் வானத்தின்மேல் ஒரு போர்வை. தெருவுக்குத் தெரு அதன் நிறம் மாறுகிறது, ஓரிடத்தில் கருக்கல், இன்னோரிடத்தில் தீப்பற்றியதுபோல் பழுப்பு. அன்று மாலை ஜெக்கிலைப் பார்க்கப் போகும்போது பனி வீட்டுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. இரவு கெஸ்டுடன் கணப்பருகே பழைய திராட்சை மது அருந்தும்போதும் நகரத்தின்மேல் அது உறங்குகிறது. ஆக, குற்றம் செய்பவனைச் சூழ்ந்திருப்பதைவிட அதிகமாக, தேடுபவரைச் சூழ்ந்திருப்பதே அதன் பணி. அட்டர்சனின் பார்வை மங்கும் அத்தியாயங்களில் பனி அடர்கிறது. எடுத்துவிட்டால் கதைச் சம்பவம் எதுவும் குறையாது, உண்மைதான். ஆனால் கண்ணெதிரே இருக்கும் விடையை அந்த அறிவாளி ஏன் காணவில்லை என்பதை நம்மால் உடலால் உணர முடியாமற்போகும்.

நிலைக்கண்ணாடியைப் பற்றியும் சுருக்கமாக. ஜெக்கிலின் தனியறைக் கதவைக் கோடரியால் பிளந்து உள்ளே போன அட்டர்சனும் சமையல்கட்டிலிருந்து எஜமானின் அறைவரை எல்லாம் அறிந்த பணியாளர் பூலும் அந்தக் கண்ணாடியைக் குனிந்து பார்க்கும்போது அவர்கள் கண்டது தங்கள் வெளிறிய முகங்களைத்தான். பிளவுபட்ட மனம் என்று எழுதியிருந்தீர்கள். ஜெக்கிலோ தம் வாக்குமூலத்தில், முதன்முதலில் ஹைடின் முகத்தைக் கண்ணாடியில் கண்டபோது தமக்கு அருவருப்பே ஏற்படவில்லை, வரவேற்கத்தான் தோன்றியது, இதுவும் நானே என்கிறார். பிளவைக் காணப் போனவருக்கு ஒருமைதான் தெரிந்தது.

இங்கே சிலர் இதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று விளக்குவதைக் கண்டிருக்கிறேன். பொருந்தாது. அங்கே உயிர் ஒன்று, கூடுகள் இரண்டு. இங்கே கூடு ஒன்றுதான். அது சுருங்கி விரிகிறது, நினைவும் இருவருக்கும் பொது. இரட்டை வேடப் படங்களின் நல்லவன்–கெட்டவன் கணக்கும் உதவாது. ஹைட் முழுத் தீயவன் என்று நூல் சொல்கிறது. ஜெக்கில் முழு நல்லவர் என்று அது எங்கும் சொல்லவில்லை, அவர் பழைய கலவையாகவே இருக்கிறார். ஸ்டீவன்சன் பிறந்த எடின்பரோவில் வில்லியம் பிராடி என்றொருவர் இருந்தார்: பகலில் மரச்சாமான் செய்பவர், நகர்மன்ற உறுப்பினர்; இரவில் திருடர். 1788இல் தூக்கிலிடப்பட்டார். அவர் கையால் செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சனின் சிறுவயது வீட்டில் இருந்தது. பிராடியைப் பற்றி ஸ்டீவன்சன், தம் நண்பரும் கவிஞருமான ஹென்லியுடன் சேர்ந்து ஒரு நாடகமும் எழுதினார். பிராடிக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி 5 – மொழிபெயர்ப்பு மேசை

தாமதமாக வருகிறேன். இந்த நூலைச் சில காலம் தமிழில் பெயர்க்க முயன்று பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நிறுத்தியதற்குக் காரணமே ஓர் உத்திதான். அதை யாரும் இங்கே தொடவில்லை.

அதற்கு முன் சிறிய வேடிக்கை ஒன்று. சிறுமியை மிதித்துக்கொண்டு போன ஹைடை என்ஃபீல்ட் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? பூரி ஜெகந்நாதர் தேருக்கு. சக்கரத்தடியில் மக்களை நசுக்கிக்கொண்டே போகும் தேர் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதிப் பரப்பியதால், அந்தத் தெய்வத்தின் பெயரே ஆங்கிலத்தில் தடுக்க முடியாத, இரக்கமற்ற சக்தியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அட்டர்சனின் கெட்ட கனவிலும் அது மீண்டும் வருகிறது. தமிழில் அந்தப் பெயரை அப்படியே எழுதினால் வாசகர் கைகூப்புவார், உவமை தலைகீழாகிவிடும். நான் வெறுமனே ‘நிற்காத தேர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனநிறைவில்லை. ஹைட் என்ற பெயரின் ஒலியில் ‘ஒளிதல்’ இருப்பதை வைத்து அட்டர்சன் “அவன் ஒளிபவன் என்றால் நான் தேடுபவன்” என்று சிலேடை பேசுகிறாரே, அதையும் காப்பாற்ற முடியவில்லை.

உண்மையான சிக்கல் அவன், அவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சுட்டுப்பெயர். கொலைகாரன் என்று தெரிந்த பின்பும் பலரும் ஹைடை ‘மிஸ்டர்’ போட்டு அழைக்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்த முதல் பக்கத்திலேயே நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: ஜெக்கில் வந்தார், ஹைட் வந்தான். இருவரும் ஒருவரே என்பதற்கு எதிரான சாட்சியத்தை ஒவ்வொரு வினைமுற்றிலும் நானே விதைக்கிறேன். இந்த இழையில் எழுதிய நண்பர்களும் அறியாமலே அதைத்தான் செய்திருக்கிறீர்கள். பூடகத்தைக் காப்பதற்கு இது உதவுகிறது என்று முதலில் மகிழ்ந்தேன். கடைசி இரவில் பூல், அறைக்குள் இருப்பதைப் பற்றி ‘அவரோ, அதுவோ’ என்று தடுமாறும்போது தமிழ் அஃறிணைக்கு அருமையாக இறங்கிக் கொடுக்கிறது.

ஆனால் ஜெக்கிலின் வாக்குமூலத்தில் மாட்டிக்கொண்டேன். அது ‘நான் பிறந்தேன்’ என்று தொடங்குகிறது. போகப்போக, ஹைடின் செயல்களைக் கண்டு ஹென்றி ஜெக்கில் திகைத்து நின்றதாகத் தம்மையே படர்க்கையில் எழுதத் தொடங்குகிறார். பிறகு ஓரிடத்தில் ஹைடைப் பற்றி எழுதும்போது நிறுத்தி, “அவன் என்கிறேன், நான் என்று என்னால் சொல்ல முடியவில்லை” என்கிறார். நூலில் உள்ள உத்திகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்; இரட்டை மனிதரைப் பற்றிய கோட்பாட்டை இலக்கணத்தாலேயே நடத்திக் காட்டுகிறது. தமிழில் என்ன ஆகிறது? தம்மைத் தாமே எவரும் ‘அவர்’ என்று எழுத மாட்டார்கள். ஆகவே ‘ஜெக்கில் திகைத்து நின்றான்’ என்றுதான் எழுத முடியும். எட்டு அத்தியாயங்களாக மற்றவர்கள் வாயில் ‘அவர்’ ஆக இருந்தவர், தம் வாயால் ‘அவன்’ ஆகி, ஹைடுக்குப் பக்கத்தில் அதே ‘ஆன்’ விகுதியில் வந்து நிற்கிறார். மூலத்தில் இல்லாத ஒன்றை என் மொழி சேர்த்துவிட்டது. அது பிழையா, பேறா என்று முடிவு செய்ய முடியாமல்தான் கையெழுத்துப் பிரதி மேசையில் கிடக்கிறது.

கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். எழுதுகோலைக் கீழே வைத்து, “அந்தத் துயர்மிகுந்த ஹென்றி ஜெக்கிலின் வாழ்வை முடித்துவைக்கிறேன்” என்று முடிகிறது. அந்த ‘ஏன்’ விகுதி யாருடையது?

மறுமொழி 6 – குமாஸ்தா

மொழிபெயர்ப்பு மேசை அம்மா எழுதியதைப் படித்தபின் நூலின் கடைசிப் பக்கத்தை எடுத்து, பழைய வழக்கப்படி கீழே கையொப்பம் தேடினேன். லான்யனின் வாக்குமூலத்தின் அடியில் அவர் பெயர் இருக்கிறது. ஹைடின் கடிதத்தில் ஹைடின் கையொப்பம் உண்டு. ஜெக்கில் அட்டர்சனுக்கு விட்டுப்போன சிறு குறிப்பில்கூடப் பெயர் எழுதியிருக்கிறார். இந்த நீண்ட வாக்குமூலத்தின் அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஹைடாக மாறினாலும் கையெழுத்து மட்டும் தம்முடையதாகவே இருந்தது என்று அவரே உள்ளே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கெஸ்டிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் பயனில்லை.

மறுமொழி 7 – தொலைநிலை மாணவி

ஒப்படைப்பைத் திரும்ப எழுதப் போகிறேன். மதிப்பெண் ஏற்கெனவே வந்துவிட்டது. இது பேராசிரியருக்கு மட்டும். கதவின் மணியில் தொடங்கி, அந்தக் கையொப்பமில்லாத பக்கத்தில் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். மொழிபெயர்ப்பு மேசை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஜெக்கில் திகைத்து நின்றான்’ என்பதை மாற்றிவிடாதீர்கள்.